மிடி எஃபெக்டுகளைக் கோக்கும் முறை: ஏபிள்டன் லைவில் புதிதாகத் தொடங்குவோருக்கு

மிடி (MIDI) என்பது இசைக் கருவிகளும் கணினியும் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை. எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப், டிலே போன்ற எஃபெக்டுகள் ஒலி பிறந்த பிறகு அதைத் தொடுகின்றன. மிடி எஃபெக்ட் அதற்கு ஒரு படி முன்னால், கருவிக்குப் போகும் கட்டளையிலேயே கை வைக்கிறது. எந்த நோட், எவ்வளவு விசையோடு அடிக்கப்பட்டது, எப்போது விடப்பட்டது: அந்தக் கட்டளையில் இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். நோட்டுக்கு 0 முதல் 127 வரை ஓர் எண். விசைக்கு, அதாவது வெலாசிட்டிக்கு, 1 முதல் 127 வரை ஓர் எண். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) இசைக் கருவிக் கண்காட்சியில் ப்ராஃபெட்-600, ஜூபிட்டர்-6 என்ற இரு வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களைக் கேபிளால் இணைத்து, ஒன்றை வாசித்து மற்றொன்றை ஒலிக்கவைத்துக் காட்டினார்கள். அன்று அந்தக் கேபிளில் போன அதே எண்களைத்தான் இன்றும் கணினிக்குள் திருப்பிப் போட்டு விளையாடுகிறோம்.

எண்கள் என்பதால் கூட்டலாம், கழிக்கலாம், வடிகட்டலாம். அதனால் எந்தக் கணக்கை முதலில் போடுகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு எஃபெக்டும் தனியாகப் பார்த்தால் மிகச் சாதாரணமானது. இரண்டு மூன்றை வரிசையாகக் கோக்கும்போதுதான் இசை வருகிறது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த வரிசையைப் பற்றியதே.

தயார் செய்வது

1. புதிய மிடி ட்ராக் ஒன்றைத் திறக்கவும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.
2. அதில் எளிய பியானோ அல்லது எலெக்ட்ரிக் பியானோ ஒலி ஒன்றைப் போடவும். நீண்டு ஒலிக்கும் பேட் ஒலி இப்போது வேண்டாம். நோட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எஃபெக்ட் என்ன செய்கிறது என்று காதுக்குப் பிடிபடாது.
3. டெம்போ 90. நான்கு பார் (பார் என்பது நாலு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று) நீளமுள்ள கிளிப் ஒன்றில் பாருக்கு ஒரு நோட்டாக சி3, ஏ2, எஃப்2, ஜி2 என்று வரையவும்.

கீபோர்டு இல்லையென்றால் கணினியில் எம் விசையை அழுத்தினால் எழுத்து விசைகளே பியானோவாகிவிடும். இசட், எக்ஸ் இரண்டும் ஆக்டேவை மாற்றும்.

நோட்டின் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. 60ஆம் எண் நோட்டை லைவ் சி3 என்கிறது. மற்ற இசை மென்பொருள்களில் ரீப்பர் அதையே சி4 என்கிறது, எஃப்எல் ஸ்டூடியோ சி5 என்கிறது. வீடியோ பாடம் பார்த்து அப்படியே செய்தும் ஒலி ஒரு ஆக்டேவ் தள்ளி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. சந்தேகம் வந்தால் எண்ணைப் பாருங்கள், பெயரை நம்ப வேண்டாம்.

மிடி எஃபெக்டை ட்ராக்கில் விட்டால் லைவ் அதைக் கருவிக்கு இடப்பக்கம் வைக்கும். இரண்டு டிவைஸ்களுக்கு நடுவே சிறிய புள்ளிகள் மினுங்கும். கட்டளை எதுவரை வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

ஒரு விரலில் கார்டு

கார்டு (chord) என்பது சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின் கொத்து. முதலில் கார்டு எஃபெக்டைப் போட்டு, ஷிஃப்ட் 1ஐ +4 அரைச்சுருதிக்கும் ஷிஃப்ட் 2ஐ +7க்கும் வையுங்கள். லைவ் 12 வைத்திருப்பவர்கள் நடப்பு ஸ்கேலை (பாட்டுக்குரிய ஸ்வர வரிசையை) பயன்படுத்தும் பொத்தானை இப்போதைக்கு அணைத்துவிடவும். சி அடித்தால் சி மேஜர் கேட்கும். சரி. டி அடித்தால் டி, எஃப் ஷார்ப், ஏ கேட்கும். சி மேஜரில் எஃப் ஷார்ப் இல்லையே! எந்த நோட்டை அடித்தாலும் மேஜர் கார்டே வரும். பாட்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்கேலுக்குத் தாவுவதுபோல் இருக்கும்.

இதற்கு மருந்து, கார்டுக்கு அடுத்து ஸ்கேல் எஃபெக்ட். அதில் கட்டங்கள் நிறைந்த ஒரு பலகை இருக்கிறது. இடமிருந்து வலமாக உள்ளே வரும் நோட்டுகள், கீழிருந்து மேலாக வெளியே போகும் நோட்டுகள். புதிதாகத் திறக்கும்போது மூலைக்கு மூலை சாய்கோடாக நிரம்பியிருக்கும். வந்தது வந்தபடியே போகும் என்று பொருள். சி மேஜருக்காக 2, 4, 7, 9, 11ஆம் நெடுவரிசைகளில் இருக்கும் கட்டத்தை மட்டும் ஒரு படி கீழே இறக்குங்கள். ஐந்து கறுப்பு விசைகளும் தங்களுக்கு இடப்பக்கம் உள்ள வெள்ளை விசையாக மாறிவிடும்.

இப்போது டி அடியுங்கள். எஃப் ஷார்ப் எஃப்பாக இறங்கி, டி மைனர் வரும். இ அடித்தால் இ மைனர். ஏ அடித்தால் ஏ மைனர். பி அடித்தால் டி ஷார்ப்பும் எஃப் ஷார்ப்பும் சேர்ந்து இறங்கி பி டிமினிஷ்ட் வரும். ஏழு நோட்டுக்கும் அந்த ஸ்கேலுக்குரிய கார்டு தானாக அமைந்துவிட்டது.

ஒரு படி இறக்குவது ஏன், ஏற்றினால் என்ன? ஏற்றிப் பாருங்கள்: டி அடித்தால் எஃப் ஷார்ப் ஜியாகி, டி, ஜி, ஏ என்று வரும். அது மைனர் அல்ல, சஸ்4 என்ற வேறு வகைக் கார்டு. மேஜர் கார்டின் நடு நோட் அரைப்படி இறங்கினால்தான் மைனர் ஆகும், அதனால்தான் இறக்குகிறோம். பாட்டு டி மேஜரில் இருந்தால் பலகையைத் தொடாமல் பேஸ் (Base) குமிழியை டிக்கு வைத்தால் போதும்.

லைவ் 12இல் அந்த ஸ்கேல் பொத்தானை இயக்கிவிட்டு, ஷிஃப்டுகளை +2, +4 என்று வைத்தாலும் இதே பலன் கிடைக்கும். அங்கே எண்ணப்படுவது அரைச்சுருதிகள் அல்ல, ஸ்கேலின் படிகள். இருந்தாலும் பலகையில் ஒருமுறையாவது கையால் செய்து பாருங்கள். உள்ளே நடப்பது என்ன என்று அது ஒன்றே காட்டும்.

இனி வரிசையை மாற்றி, ஸ்கேலைக் கார்டுக்கு முன்னால் இழுத்து விடுங்கள். அடிக்கும் நோட் மட்டும் சி மேஜருக்குள் நிற்கும், அதன்மேல் எழும் கார்டு எல்லாம் மேஜராகவே நகரும். ஒரே அச்சில் வார்த்த கார்டு மேலும் கீழும் வழுக்கிப் போகும் இந்த ஒலி ஹவுஸ் என்ற நடன இசையில் நன்கு பழகிய ஒன்று. இது பிழையல்ல. எது வேண்டும் என்று தெரிந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ராகம் வேண்டுமென்றால்

இதே பலகையில் மோகனத்தை அமைக்கலாம். சி ஆதார சுருதி என்று கொண்டால் ச ரி க ப த என்பது சி, டி, இ, ஜி, ஏ. மிச்சமுள்ள ஏழு நோட்டுகளையும் கீழே உள்ள ராக ஸ்வரத்துக்கு இறக்கிவிடுங்கள்: எஃப்பும் எஃப் ஷார்ப்பும் இக்குப் போகும், ஏ ஷார்ப்பும் பியும் ஏக்குப் போகும். முன்னால் அதே +4, +7 கார்டு இருக்கட்டும். இ அடித்தால் இ, ஜி, ஏ வரும். ஜி அடித்தால் ஜி, ஏ, டி வரும். வழக்கமான மேஜர், மைனர் கார்டுகளுக்குள் அடங்காத கொத்துகள், ஆனால் ஒரு ஸ்வரம்கூட மோகனத்துக்கு வெளியே இல்லை. மோகனத்துக்குக் கார்டு வைக்கத் திணறுகிறவர்களுக்கு இது நல்ல தொடக்கம்.

ஸ்கேல் எஃபெக்ட் ராகத்தின் ஸ்வரங்களைத் தரும், ராகத்தைத் தராது. பிலஹரி ஏறும்போது மோகனம், இறங்கும்போது சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்கள். பலகைக்கு மெட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாது. உள்ளே எஃப் வந்தால் எப்போதும் ஒரே பதில்தான் சொல்லும். பிலஹரி வேண்டுமென்றால் இரண்டு ஸ்கேல் எஃபெக்டுகளை வைத்து, ஏறும் இடத்தில் ஒன்றையும் இறங்கும் இடத்தில் மற்றொன்றையும் ஆட்டோமேஷனால் (குமிழிகளைத் தானாக மாற்றும் வசதியால்) இயக்க வேண்டும். கமகமோ பிட்ச் பெண்டில், அதாவது நோட்டின் சுருதியை வளைக்கும் தனிக் கட்டளையில், இருக்கிறது. ஸ்கேல் அதைத் தொடுவதே இல்லை. அதைக் கடைசியில் கையால்தான் வரைய வேண்டும்.

ஆர்பெஜியேட்டர்

கார்டு, ஸ்கேல் இரண்டுக்கும் பிறகு ஆர்பெஜியேட்டரைப் போடுங்கள். ஸ்டைல் அப், ரேட் 1/16, கேட் (ஒவ்வொரு நோட்டும் ஒலிக்கும் நீளம்) 60%. கொத்தாகக் கேட்ட கார்டு இப்போது ஒவ்வொரு நோட்டாக ஏறும். ஆர்பெஜியேட்டரைக் கார்டுக்கு முன்னால் இழுத்தால், அது பார்ப்பது ஒரே ஒரு நோட். அதையே திரும்பத் திரும்ப அடிக்கும், ஒவ்வொரு அடியும் முழுக் கார்டாக வெடிக்கும். முன்னது நீரோட்டம், பின்னது தட்டல். ஒரே மூன்று பெட்டிகள், ஒரே எண்கள், வரிசை மட்டும் வேறு.

கேட் 100%ஐத் தாண்டினால் அடுத்த நோட் தொடங்கிய பிறகும் முந்தையது ஒலிக்கும். ஒரு நேரத்தில் ஒரே நோட்டை ஒலிக்கும் மோனோ சிந்தில் கிளைடு (வழுக்கல்) வைத்திருந்தால் 110% வைத்துப் பாருங்கள், நோட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கும். பியானோவில் அதே எண் சேறுபோல் குழம்பும்.

தாளக் கணக்கில்தான் ஆர்பெஜியேட்டர் உண்மையில் சுவை தரும். மூன்று நோட் கார்டு 1/16 ரேட்டில் மூன்று மூன்றாகச் சுற்றும். நாலு அடி பாரில் 16 கட்டங்கள். மூன்று பதினாறை வகுக்காது, அதனால் சுற்றின் தலைப்பு ஒவ்வொரு பாரிலும் இடம் மாறி, 48 கட்டங்களுக்குப் பிறகு, அதாவது மூன்று பார் கழித்துத்தான் பாரின் தலையில் வந்து சேரும். ஐந்து நோட் இருந்தால் ஐந்து பார். மிருதங்கத்தில் நாலு நாலாகப் போகும் நடைக்குள் ஐந்து ஐந்தாகச் சொல்லிக் கணக்கு முடிக்கும் அதே இன்பம் இது. கார்டு எஃபெக்டை அணைத்துவிட்டு, மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக் கேட்டுப் பாருங்கள்.

இந்த இடமாற்றம் வேண்டாம், ஒவ்வொரு பாரும் ஒரேமாதிரி தொடங்க வேண்டும் என்றால் சுற்றைத் தலையிலிருந்து தொடங்கவைக்கும் ரீட்ரிகரை பீட் என்று வைத்து இடைவெளியை ஒரு பாராக்குங்கள். கார்டு மாறும்போது மட்டும் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றால் நோட் என்று வையுங்கள்.

இங்கே அடிக்கடி நேரும் பழுது: கார்டு மாறும் இடத்தில் சம்பந்தமில்லாத ஒரு நோட் எட்டிப்பார்க்கும். முந்தைய கார்டின் நோட் கிளிப்பில் அடுத்ததன் மேல் ஒரு மயிரிழை ஏறியிருக்கும். அந்த நொடியில் ஆர்பெஜியேட்டருக்கு இரண்டு கார்டுகளும் சேர்ந்தே தெரியும். நோட்டின் வாலைச் சற்று வெட்டிவிட்டால் தீர்ந்தது. அதேபோல் கையால் வாசித்த கார்டில் மூன்று விரலும் ஒரே நேரத்தில் இறங்காது. முதலில் இறங்கிய நோட்டை மட்டும் வைத்துச் சுற்று தொடங்கிவிடும். கிளிப்பைக் குவாண்டைஸ் செய்யுங்கள், அதாவது நோட்டுகளைத் தாளக் கட்டங்களில் நேராக நிறுத்துங்கள்.

தற்செயலைக் கணக்காக்குவது

ரேண்டம் எஃபெக்டைப் பார்த்துப் பலர் பயப்படுவதற்குக் காரணம், அதை அப்படியே போட்டால் எதையாவது உளறும். அதில் மூன்று எண்கள்தான். சான்ஸ்: எத்தனை சதவீத நோட்டுகள் மாற வேண்டும். சாய்சஸ்: எத்தனை வகையாக மாறலாம். மூன்றாவது, பதிப்பைப் பொறுத்து ஸ்கேல் என்றோ இன்டர்வல் என்றோ பெயர் போட்டிருக்கும்: ஒவ்வொரு தாவலும் எத்தனை அரைச்சுருதி. சான்ஸ் 50%, சாய்சஸ் 1, இன்டர்வல் 12 என்று வைத்தால் பாதி நோட்டுகள் சரியாக ஒரு ஆக்டேவ் மேலே போகும், மீதி அப்படியே நிற்கும். ஆர்பெஜியேட்டருக்குப் பிறகு இதை வையுங்கள். ஸ்கேல் கெடாது, ஆனால் ஒரே சுற்று இருமுறை ஒரேமாதிரி வராது. புதிதாகத் தொடங்குவோருக்கு இதுவே மிகப் பாதுகாப்பான ரேண்டம்.

மெட்டு தேடும்போது சான்ஸ் 100%, சாய்சஸ் 12, இன்டர்வல் 1, அதன் பின்னால் மோகனப் பலகை. சி ஒன்றையே திரும்பத் திரும்ப அடித்தால் போதும், ஐந்து ஸ்வரங்களும் கலந்து வரும். கூர்ந்து கேட்டால் காந்தாரமும் தைவதமும் சற்று அதிகமாக வருவது தெரியும். பலகையில் இ, எஃப், எஃப் ஷார்ப் மூன்றும் காந்தாரத்தில் விழுகின்றன. ஏ, ஏ ஷார்ப், பி மூன்றும் தைவதத்தில் விழுகின்றன. மற்ற ஸ்வரங்களுக்கு இரண்டிரண்டுதான். எஃப் ஷார்ப்பை இறக்காமல் ஜிக்கு ஏற்றினால் பஞ்சமத்துக்கு மூன்று பங்கு கிடைத்து, காந்தாரம் இரண்டுக்கு வந்துவிடும். எந்த ஸ்வரம் நிற்க வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். தற்செயலுக்கும் கடிவாளம் உண்டு.

தாளக் கருவிக்கு ரேண்டம் இன்னும் பயன்படும். பறையின் ஒரே அடியை நான்கு முறை தனித்தனியாகப் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை டிரம் ரேக்கில் சி1, சி ஷார்ப்1, டி1, டி ஷார்ப்1 என்ற அடுத்தடுத்த நான்கு பேடுகளில் போடுங்கள். கிளிப்பில் சி1 மட்டும் எழுதுங்கள். ரேண்டமில் சான்ஸ் 75%, சாய்சஸ் 3, இன்டர்வல் 1, திசை ஆட் (Add, மேல்நோக்கி மட்டும்). 100 அடியில் சுமார் 25 அப்படியே நிற்கும். மாறும் 75 மூன்றாகப் பிரிந்து 25, 25, 25 ஆகும். நான்கு பதிவும் சம பங்கில் வரும். ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது வரும் இயந்திரத்தனம் போய்விடும். மற்ற தாள ஒலிகள் இதே ட்ராக்கில் இருக்கக் கூடாது, ரேண்டம் அவற்றையும் பக்கத்துப் பேடுக்குத் தள்ளிவிடும்.

வெலாசிட்டி எஃபெக்ட் இதற்குத் துணை. ரேண்டம் குமிழி 25 என்றால், 100 என்று எழுதிய நோட்டுகள் 75க்கும் 125க்கும் நடுவே அலையும். எந்த வேறுபாடும் கேட்கவில்லையா? எஃபெக்டைக் குறை சொல்ல வேண்டாம். கருவியில் வெலாசிட்டி வால்யூமோடோ ஃபில்டரோடோ இணைக்கப்பட்டிருக்காது, அங்கே போய் இணையுங்கள்.

இரண்டு வெலாசிட்டி எஃபெக்டுகளை அடுத்தடுத்து வைத்தால் நோட்டுகளை உதிர்க்கலாம். முதலாவதில் ரேண்டம் 40. இரண்டாவதில் மோடை கேட் என்று மாற்றி, லோயெஸ்ட் 80 வையுங்கள். 100 என்று எழுதிய நோட்டுகளில் 60க்கும் 80க்கும் நடுவே விழுபவை கதவில் நின்றுவிடும், சுமார் கால் பங்கு. ஹை-ஹாட்டில் இடையிடையே மூச்சு விழும். லைவ் 11 வந்த 2021க்குப் பிறகு ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனியாகச் சான்ஸ் எழுதும் வசதி கிளிப்பிலேயே வந்துவிட்டது. ஆனாலும் ஒரே குமிழியால் முழு ட்ராக்கையும் அடர்த்தியாக்கவும் மெலிதாக்கவும் இந்த இரட்டை வழிதான் கைக்கு வசதி.

விரலை எடுக்கும்போது

நோட் லெங்த் எஃபெக்டில் ட்ரிகரை நோட் ஆஃப் என்று மாற்றினால், விசையை அழுத்தும்போது ஒன்றும் கேட்காது, விடும்போது கேட்கும். தனியாக இது விளையாட்டுப் பொருள்தான். மிடி எஃபெக்ட் ரேக்குக்குள் போட்டால் கருவியாகிவிடும்.

ரேக்கில் இரண்டு செயின்கள் (தனித்தனி எஃபெக்ட் பாதைகள்) திறந்து, முதல் செயினைக் காலியாக விடுங்கள். காலி செயின் வந்ததை அப்படியே அனுப்பும். இரண்டாவதில் நோட் லெங்த், நீளம் 150 மில்லிசெகண்ட் அளவில், அதன் பின்னால் பிட்ச் எஃபெக்டில் +12. அழுத்தினால் நோட், விட்டால் ஒரு ஆக்டேவ் மேலே குட்டியாக ஒரு பதில். எவ்வளவு நேரம் பிடித்தீர்களோ அவ்வளவு நேரம் கழித்துப் பதில் வருவதால், வாசிப்பவரின் கை இதில் தெரியும். டிலேயில் அது கிடைக்காது.

மற்ற மென்பொருள்களில்

லாஜிக் ப்ரோவில் கருவிக்கு மேலே மிடி எஃபெக்டுக்கென்றே தனி இடம் இருக்கிறது; ஆர்பெஜியேட்டர், கார்டு ட்ரிகர், ரேண்டமைசர் எல்லாம் உண்டு, ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு ஸ்கிரிப்டர். கியூபேஸில் கார்டர், ஆர்பாச். ரீப்பரில் கருவிக்கு முன்னால் எஃபெக்ட் வரிசையிலேயே மிடி பிளக்-இன்களைப் போடலாம். எஃப்எல் ஸ்டூடியோவின் வழி வேறு: பியானோ ரோலில் ஆல்ட்டோடு ஏ அழுத்தினால் ஆர்பெஜியோ, எஸ் அழுத்தினால் ஸ்ட்ரம், ஆர் அழுத்தினால் ரேண்டம், முடிவு நேராக நோட்டாகவே எழுதப்படும்.

நோட்டாக மாற்றிப் பதிவது

புதியவர்கள் பெரும்பாலும் திகைத்து நிற்கும் இடம் இது. ஆர்பெஜியேட்டரோடு பதிவு செய்தால் கிளிப்பில் அடுக்கடுக்கான நோட்டுகள் இருக்காது, நீங்கள் அழுத்திய ஒற்றை நோட்தான் இருக்கும். பதிவு நடப்பது எஃபெக்டுகளுக்கு முன்னால். ரேண்டம் தந்த அருமையான இரண்டு பார் அடுத்த சுற்றில் திரும்ப வராது. அதைப் பிடிக்க:

1. முதல் ட்ராக்கில் கிளிப்பும் மிடி எஃபெக்டுகளும் மட்டும் இருக்கட்டும். கருவியை அங்கிருந்து எடுத்து இரண்டாவது மிடி ட்ராக்கில் வையுங்கள்.
2. இரண்டாவது ட்ராக்கின் மிடி ஃப்ரம் பெட்டியில் முதல் ட்ராக்கைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழுள்ள பெட்டியில் போஸ்ட் எஃப்எக்ஸ் (எஃபெக்டுகளுக்குப் பின்). இதை ப்ரீ எஃப்எக்ஸ் என்று விட்டால் மறுபடியும் ஒற்றை நோட்தான் பதிவாகும்.
3. இரண்டாவது ட்ராக்கை ஆர்ம் செய்து (பதிவுக்குத் தயாராக்கி), மானிட்டரை ஆட்டோவில் வைத்து, 16 பார் பதிவு செய்யுங்கள்.
4. ஆர்மை எடுத்துவிட்டு, மிடி ஃப்ரமில் நோ இன்புட் வைத்து, முதல் ட்ராக்கின் கிளிப்பை நிறுத்துங்கள்.

இப்போது 16 பாரும் கண்ணுக்குத் தெரியும் நோட்டுகளாக இருக்கின்றன. முதல் வேலை, ஒரே இடத்தில் ஒரே நோட் இருமுறை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. நாலு நோட் கார்டை ஐந்து ஸ்வரப் பலகையில் இறக்கும்போது இரண்டு நோட்டுகள் ஒரே ஸ்வரத்தில் விழலாம். அங்கே ஒலி திடீரென்று தடித்துக் கேட்கும். ஒன்றை அழித்துவிடுங்கள். அடுத்து 16 பாரையும் கண்ணை மூடிக் கேட்டு, காது நின்ற இரண்டு பாரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். அந்த இரண்டு பாரில் எந்த நோட் நீள வேண்டும், எந்தக் காந்தாரத்துக்குக் கமகம் வேண்டும் என்று பார்த்து, பிட்ச் பெண்டைக் கையால் வரையத் தொடங்குங்கள். பெண்ட் எல்லையைக் கருவியில் 2 அரைச்சுருதி என்று வைத்தால், ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்குப் போகும் இழுப்பு அதற்குள் சரியாக அடங்கும்.